போர்டு

எங்கள் வயதுக்காரர்களிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலர் "போர்டு ஹைஸ்கூல்" என்பார்கள். கரும்பலகையால் வந்த பெயர் இல்லை. ஜில்லா போர்டு நடத்திய பள்ளிக்கூடம். 1884ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்ட பிறகும் பள்ளிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் போர்டு என்றால் முதலில் வெறும் மரப்பலகைதான். அதையே கால்களின் மேல் வைத்தால் சாப்பாட்டு மேஜை. நாளடைவில் அதில் பரிமாறும் சாப்பாட்டுக்கும் அதே பெயர் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதியிருப்பார்களே, அதில் போர்டிங் சாப்பாடு, லாட்ஜிங் தங்கல். மேஜைக்குக் கீழே கையை ஒளிக்காமல் சீட்டாடினால் அது 'அபவ் போர்டு'. கப்பலின் பக்கத்துக்கும் போர்டு என்றே பெயர். இன்று விமானம் ஏறப் போர்டிங் பாஸ் கேட்பது அந்த வழியில் வந்ததுதான்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்களும் போர்டு ஆனார்கள். கம்பெனி காலத்தில், 1786இல், சென்னையில் ஏற்பட்ட ரெவின்யூ போர்டு 1980 வரை இருந்தது. வெள்ளைக்காரர்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நம் கதையில் சங்கப் புலவர்கள் பலகை மேலேயே உட்கார்ந்தார்கள். தகுதி இல்லாதவருக்கு அந்தப் பலகை இடம் கொடுக்காதாம். ரெவின்யூ போர்டுக்கு அந்த வசதி இருந்ததில்லை!

இந்தப் போர்டைத் தமிழாக்கியவர்கள் பலகையைத் தொடவில்லை, வாரியம் என்றார்கள். மின்சார வாரியம் 1957, வீட்டு வசதி வாரியம் 1961, குடிசை மாற்று வாரியம் 1970. வாரியம் என்பது உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள சொல். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இல் சபை ஓர் ஏற்பாடு செய்து, 921இல் அதைத் திருத்தியது. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரார் எல்லோருக்கும் இடமில்லை.

சர்க்கார் இந்தப் பழைய சொல்லை எடுத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான். கூடவே இருந்த ஒரு விதியையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவர் பெயரை மட்டுமல்ல. அப்பா, மகன், மாமனார், மருமகன், மைத்துனன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் பெயரையும் போடக் கூடாது.