சாரல் இறங்கும் அடிவாரம்

தென்காசிப் பக்கத்தில் மலையடிவார விடுமுறைக்குச் ‘சீசன்’ என்று பெயர். பள்ளிகள் அடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் குற்றாலத்துப் பாறைகள் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில்தான் அருவிகளில் தண்ணீர் விழத் தொடங்கும். ஆனியில் தொடங்கி ஆடியில் முற்றி ஆவணியில் தணியும் இந்தப் பருவத்துக்கு, காற்று திரும்பும் நாளே முதல் நாள்.

காற்றும் கணவாயும்

செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவில், மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து கணவாயாக வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பங்கைக் கேரளச் சரிவில் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு இந்த வழியே கிழக்கே வருகிறது. அடிவாரத்தில் அது வெயிலுக்கு நடுவே தூவும் சாரலாக இறங்குகிறது. மேலே காடுகளில் பெய்யும் மழை சிற்றாறாகத் திரண்டு, தேனருவி, செண்பகாதேவி அருவி வழியாக வந்து பேரருவியாக விழுகிறது. ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் நீர், இடையில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து பொங்கி வழிகிறது. அங்கே வேகம் தணிவதால்தான் மனிதத் தலை அதைத் தாங்குகிறது. உதகை 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. குற்றாலத்தின் உயரம் சுமார் 500 அடிதான். மலை ஏறாமலே மலைக்குளிர் கிடைப்பது இந்தக் கணவாயின் கொடை.

தென்காசிக்கு வடமேற்கே உள்ள அச்சன்புதூரையும் இதே காற்றுதான் வாழ வைக்கிறது. மேக்கரையில் அனுமன்நதியின் குறுக்கே நிற்கும் 132 அடி அடவிநயினார் அணைக்கு நீர்வரத்து கூடுவது இந்தப் பருவத்தில்தான். பண்பொழி, வடகரை, அச்சன்புதூர் வயல்களில் கார் சாகுபடி அந்தத் தண்ணீரை நம்பியது. வெளியூர்க்காரர்கள் அருவிக்கு வரும் நாட்களில் உள்ளூர்க்காரர்கள் வயலுக்கு இறங்குகிறார்கள்.

கோயிலும் குறவஞ்சியும்

குற்றாலத்துக்கு மக்கள் வரும் வழக்கம் நீராடலில் பிறந்தது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்துக்குப் பதிகம் பாடினார். இங்குள்ள தலமரமான குறும்பலாவுக்கும் தனிப் பதிகம் பாடினார். நடராசரின் ஐந்து சபைகளில் ஓவியங்களால் ஆன சித்திரசபை இங்கே இருக்கிறது. அருவியில் குளித்து ஈர உடையோடு குற்றாலநாதரை வணங்குவது யாத்திரையும் ஓய்வும் ஒன்றாக இருந்த காலத்தின் பழக்கம்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். அதில் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் பகுதி, குற்றாலத்தைப் பார்க்காதவர் மனத்திலும் அதைப் பதித்துவிட்டது. மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் மானியமாகத் தந்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர்.

கம்பெனியும் ரயிலும்

ஆங்கிலேயர் கோடைக்கு மலை உச்சிகளைத் தேடினர். கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்றார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினர். 1870 முதல் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரானது. திருநெல்வேலிச் சீமை அதிகாரிகளுக்கோ குற்றாலமே கைக்கெட்டிய குளிர்ச்சியாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்களை வளர்த்தது. ஜமீன்தார்களும் பங்களாக்கள் எழுப்பினர். திருவிதாங்கூர் அரசர்கள் கட்டிய அரண்மனை இன்றும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. பக்கத்துச் செங்கோட்டையே திருவிதாங்கூரோடும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்திருந்த ஊர்தான்.

1904இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1927இல் விருதுநகரிலிருந்தும் தென்காசிக்குப் பாதை வந்தது. அரசர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இருந்த சீசன், டிக்கெட் வாங்க முடிந்த எல்லோருக்கும் ஆனது.

சீசனை இலக்கியக் கூடலாக மாற்றியவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் தொடங்கிய ‘வட்டத்தொட்டி’, அவர் குற்றாலத்தில் குடியேறியதும் இங்கே தொடர்ந்தது. ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினர். 1954இல் ரசிகமணி மறையும் வரை, கம்பன் கவிதையும் அருவிக் குளியலும் விருந்தும் ஒரே நாளின் பகுதிகளாக இருந்தன.

இன்றைய சீசன்

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என ஒவ்வொன்றிலும் வரிசை நிற்கிறது. மங்குஸ்தான், ரம்புட்டான் கடைகளும் பிரானூர் பார்டர் பரோட்டாவும் சீசனின் பகுதிகள். அரசு சாரல் திருவிழா நடத்துகிறது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்திக் குளிக்க 2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. சிற்றாறு கீழே உள்ள ஊர்களுக்குக் குடிநீரும் பாசனநீரும் ஆவதால் அந்தத் தடைக்குப் பொருள் உண்டு. 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது. நீர்வரத்து கூடும்போது விதிக்கப்படும் தடையை மதிப்பது குளிக்கப் போகும் ஒவ்வொருவரின் கடமை.

செண்பகாதேவி, தேனருவி ஆகியவை உள்ள மேல்மலைக்குப் போக வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு. சிற்றாறு உருவாவது அந்தக் காட்டில்தான். கீழே குளிப்பவர்களின் சீசனுக்கும், சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் வரை வழியெங்கும் விளையும் பயிருக்கும் அந்தக் காடே ஆதாரம்.