எலும்பைத் தேடிச் செல்லும் மூச்சு

நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அது நுரையீரலில் இறங்கி, சிவப்பணுக்களில் ஏறி உடலெங்கும் போகிறது. தொடை எலும்பின் தலைக்கு மட்டும் வழி குறுகல். சில மெல்லிய ரத்தக்குழாய்களே அங்கே செல்கின்றன. எலும்பு முறிவாலோ, நீண்டநாள் ஸ்டீராய்டாலோ, அளவுமீறிய குடியாலோ அந்த ஓட்டம் தடைபட்டால் எலும்புச் செல்கள் மடிகின்றன.

காற்றின் அழுத்தம் முதலில் எலும்புக்குப் பகையாகத்தான் வந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் எல்பே ஆற்றடியில் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள் அழுத்தக் காற்றில் வேலை செய்தார்கள். அப்படிப்பட்டவர்களின் எலும்பு சிதைவதை 1911-இல் மருத்துவர்கள் போர்ன்ஸ்டைனும் பிளேட்டும் பதிவு செய்தனர். அழுத்தம் சட்டென்று குறையும்போது ரத்தத்தில் எழும் நைட்ரஜன் குமிழிகள் குழாய்களை அடைத்துவிடும்.

அதே அழுத்தத்துக்குள் தூய ஆக்சிஜனைச் செலுத்தியபோது கதை திரும்பியது. 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர் போரேமா, சிவப்பணுக்கள் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட பன்றிகளை இம்முறையில் உயிரோடு வைத்துக் காட்டினார். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லி ரத்தத்தில் சுமார் 0.3 மில்லி ஆக்சிஜன்தான் நேரடியாகக் கரைந்திருக்கும். 3 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது 6 மில்லியை எட்டும். சிவப்பணுக்களின் துணையின்றியே திரவத்தில் கரைந்து செல்வதால், ரத்தம் குறைவாக எட்டும் இடத்துக்கும் அது கூடுதலாகப் போய்ச் சேர்கிறது.

இன்று எலும்புச் சிதைவு நோயாளி மூடிய அறைக்குள் 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில் சுமார் 90 நிமிடம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். பல வாரங்கள் இது தொடரும். வீக்கம் குறைந்து, புதிய நுண்குழாய்கள் முளைக்க வழி கிடைக்கிறது. 2016-இல் பிரான்சின் லில் நகரில் கூடிய ஐரோப்பிய நிபுணர்கள் தொடை எலும்புத் தலைச் சிதைவின் ஆரம்ப நிலைக்கு இதைப் பரிந்துரைத்தனர்.

‘ஆரம்ப நிலை’ என்பதுதான் இங்கே முக்கியம். எலும்புத் தலை நொறுங்கி உருமாறிய பின் எந்த அழுத்தமும் அதை நிமிர்த்தாது. மூட்டு மாற்று அறுவைதான் மிஞ்சும். தொடை இடுக்கில் வலி தொடங்கும் நாட்களில் எக்ஸ்ரே சரியாகவே தெரியலாம், எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும். ஸ்டீராய்டு எடுத்தவரோ, குடிப்பழக்கம் உள்ளவரோ இந்த வலியை வாய்வு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு மாதங்களைக் கடத்தக் கூடாது. எலும்பு மருத்துவரிடம் போய், எம்.ஆர்.ஐ. தேவையா என்று வாய் திறந்து கேட்க வேண்டும்.