கடாரத்து உலையும் டங்ஸ்டன் முனையும்

சுங்கைப் பட்டாணியை அடுத்த சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில், பழங்கால இரும்பு உலைகளின் எச்சங்களும் காற்று ஊதும் சுடுமண் குழல்களும் ஏராளமாகக் கிடைத்தன. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று கூறும் மண் இது. இங்கே இரும்பு உருக்கியவர்களுக்குக் காற்றுதான் துணை. காற்று ஊதினால்தான் உலை கனலும்.

இருபதாம் நூற்றாண்டில் வெல்டிங் செய்தவர்களுக்கோ அதே காற்று எதிரியானது. உருகிய உலோகத்தில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்தால் இணைப்பு பலமிழந்து போகும். 1941இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸல் மெரிடித் இதற்கு வழி கண்டார். எளிதில் தீப்பற்றும் மெக்னீசியத்தை இணைக்க, டங்ஸ்டன் முனையில் மின்பொறியை எழுப்பி, அதைச் சுற்றி ஹீலியம் வாயுவைப் போர்த்தினார். 1942இல் காப்புரிமை கிடைத்தது. பின்னர் ஹீலியத்தின் இடத்தை, காற்றைவிடக் கனமான ஆர்கான் பெருமளவு பிடித்துக்கொண்டது. இதுவே டிக் வெல்டிங்.

சாதாரண வெல்டிங்கில் குச்சியே உருகி இணைப்பாகிறது. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆகவே அது உருகி இணைப்பில் சேர்வதில்லை. ஒரு கையில் டார்ச், மறு கையில் நிரப்புக் கம்பி. எவர்சில்வருக்கு நேர்மின்சாரம், அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை உடைக்க மாறுமின்சாரம். முன்பு பட்டறையின் மூலையை அடைத்து நின்ற டிரான்ஸ்பார்மரின் வேலையை, இன்று தோளில் தூக்கிச் செல்லும் இன்வெர்ட்டர் செய்துவிடுகிறது.

இந்த வரலாறு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும்? 1950களின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். அந்தத் துயரத்தில்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பிறகு காலம் தொழிற்சாலைப் பக்கம் திரும்பியது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது.

மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவியது பால்மரம் வெட்டிய கை. அந்த நிதானம்தான் டிக் வெல்டிங்கிற்கும் தேவை. ஆனால் அன்று அந்தத் திறமைக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. இன்று மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. பட்டறையிலேயே தொழில் பழகியவர்கள், தங்கள் அனுபவத்தை மதிப்பிடச் செய்து அதைப் பெறவும் வழி இருக்கிறது. கைத்தொழில் கையில் இருந்தால் மட்டும் போதாது. ஏட்டிலும் ஏற வேண்டும். நிலம் கைமாறலாம், ஏட்டில் ஏறிய தொழில் கைமாறாது.