குமாருக்கு எத்தனை சீட்டு? – புதுச்சேரி ஓ.பி.யும் கணினியும்

புதுச்சேரியில் குமார் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள். கே-யூ-எம்-ஏ-ஆர் என்பது எல்லா ஊருக்கும் தெரிந்த குமார். சி-ஓ-யூ-எம்-ஏ-ஆர் என்பது நம்ம ஊர் குமார். இரண்டாவதை வெளியூர்க்காரர்கள் "கவ்மார்" என்று படித்துவிட்டு முழிப்பார்கள். ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு குமாரும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு குமாரும் இருப்பது இங்கே சாதாரணம். ஆஸ்பத்திரி வெளிநோயாளி பிரிவுகளில் கணினி வந்த கதையைத் தேடிக்கொண்டு போனபோது, கதை முழுக்க இந்த இரண்டு குமார்களுக்கு நடுவிலேயே ஓடுகிறது என்று தெரிந்தது. அதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் எழுத்து விஷயம். பிரெஞ்சில் 'யூ' எழுத்து மட்டும் போட்டால் நம்ம 'உ' வராது, உதட்டைக் குவித்துச் சொல்லும் வேறொரு ஒலி வரும். அதனால் 'ஓ-யூ' சேர்த்துப் போட்டார்கள். 'ஜே' மட்டும் போட்டால் 'ழ'வும் 'ஷ'வும் கலந்த மாதிரி ஒலிக்கும், அதனால் ராஜுவுக்கு ஜே-க்கு முன்னால் ஒரு 'டி'. முருகன் கடைசியில் ஒரு 'ஈ' இல்லாவிட்டால் 'ன்' மூக்குக்குள் போய்விடும், அதனால் அதுக்கும் ஒரு 'ஈ'. யாரோ தப்பாக எழுதிவிட்ட பெயர்கள் இல்லை இவை. பிரெஞ்சு காதுக்கு ரொம்பச் சரியாக எழுதப்பட்ட பெயர்கள்.

எழுதியது எத்தா சிவில், அதாவது குடிமைப் பதிவேடு. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் அதில் ஏறியாக வேண்டும். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் ரெனோன்சான்கள் ஆனார்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கட்டாயம். பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது அப்போதுதான். லாபோர்த் என்றால் கதவு. அதுவரை குடும்பப் பெயர் என்ற சங்கதியே இல்லாத தமிழ்க் குடும்பம், ஒரே நாளில் ஒரு பிரெஞ்சு வார்த்தையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்க ஆரம்பித்தது.

மருத்துவமும் இங்கே அதே காலத்துச் சரக்குதான். 1823-லேயே பிரெஞ்சு அரசு இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கிவிட்டது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1956-ல் அந்தப் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது, 1964-ல் ஜிப்மர். சட்டப்படியான இணைப்பு முடிந்தது இடையில், 1962 ஆகஸ்ட் 16-ல். நகரத்துக்குள் விக்தோர் சிமோனேல் வீதி ஜி.எச்., கோரிமேட்டில் ஜிப்மர் என்று இரண்டு பெரிய ஓ.பி.கள் ஊருக்கு. கடலூர், விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஜிப்மருக்கு வருகிறவர்களுக்கு அந்த வரிசை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கணினிக்கு முந்தைய ஓ.பி. எப்படி வேலை செய்யும்? கவுண்டரில் சீட்டு போடுவார்கள். பெயர், வயசு, ஊர், ஒரு வரிசை எண். "பழைய சீட்டு இருக்கா?" என்ற கேள்விதான் அந்த அமைப்பின் முதுகெலும்பு. இருந்தால் மருத்துவர் போன தடவை எழுதியதைப் பார்ப்பார். இல்லாவிட்டால் நீங்கள் புது ஆள், உங்கள் உடம்புக்குக் கடந்த காலமே கிடையாது. நோயாளி தன் வரலாற்றைத் தானே மஞ்சள் பையில் தூக்கிக்கொண்டு நடந்தார். இதைக் கேலி செய்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்கணும்: அந்தப் பை யாரிடம் இருக்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

இனி கொஞ்சம் பாஸ்டன் போய்விட்டு வருவோம். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட் என்பவரின் ஆய்வகம், 1966-67 வாக்கில் மம்ப்ஸ் என்றொரு கணினி மொழியை உருவாக்கியது. அதை வைத்து, வெளிநோயாளிகளுக்காக மட்டுமே யோசித்துச் செய்த ஒரு பதிவேட்டு அமைப்பும் அங்கே பிறந்தது. பெயர் காஸ்டார். ஹார்வர்டு சமூக நலத் திட்டம் என்ற கிளினிக்குக்காக 1960-களின் இறுதியில் ஆரம்பித்த வேலை அது. எனக்கு அதில் பிடித்தது, மருத்துவர் கணினியைத் தொடவே இல்லை என்பது. அவர் அச்சடித்த படிவத்தில் டிக் அடிப்பார், எழுதுவார். எழுத்தர்கள் அதை உள்ளே ஏற்றுவார்கள். அடுத்த தடவை நோயாளி வரும்போது அச்செடுத்த சுருக்கம் மேசையில் இருக்கும். இன்றைக்கு டாக்டர் நம் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்க்கிறார் என்று புலம்புகிறோம் அல்லவா? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொல்லை இல்லாமலும் செய்திருக்கிறார்கள், சம்பளத்துக்கு ஆள் வைத்து!

எந்த அமைப்பானாலும் முதல் கேள்வி ஒன்றுதான். எதிரே நிற்கும் ஆளும் உள்ளே பதிவாகியிருக்கும் ஆளும் ஒருவர்தானா?

ஆங்கிலப் பெயர்களுக்கு இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு, சவுண்டெக்ஸ். ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-ல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வை, உயிரெழுத்துகளைத் தள்ளு, மற்ற மெய்களை ஒலியினப்படி 1 முதல் 6 வரையுள்ள எண்களாக மாற்று, மூன்று எண் வந்ததும் நிறுத்து, குறைந்தால் சுழி போட்டு நிரப்பு. அவ்வளவுதான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளுக்கு இதைப் பயன்படுத்தினார்கள்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து நம்ம ஊர்ப் பெயர்களை இதில் போட்டுப் பார்த்தேன். முருகன் ஜெயித்தார். ஆங்கில முருகனும் பிரெஞ்சு முருகனும் எம்-625. 'ஓ-யூ'வும் கடைசி 'ஈ'யும் உயிரெழுத்துகள், காணாமல் போய்விட்டன. ராஜு தோற்றார்: ஆங்கில ராஜு ஆர்-200, பிரெஞ்சு ராஜு ஆர்-320, அந்த ஒற்றை 'டி' செய்த வேலை. குமார்தான் பரிதாபம். இரண்டுக்கும் எண் 560 என்று சரியாக ஒத்துப்போகிறது, ஆனால் முதல் எழுத்து ஒன்றில் கே, மற்றதில் சி. முதல் எழுத்து மாறாது என்பது சவுண்டெக்ஸின் அடிப்படை நம்பிக்கை. கணேசனைக் 'கே' போட்டும் 'ஜி' போட்டும் எழுதும் தமிழர்களை ரஸ்ஸல் சந்தித்திருக்க வாய்ப்பில்லை.

இனிஷியல் தனிக் கதை. படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். எஸ். லட்சுமிக்குக் கடைசிப் பெயர் எது? கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எஸ், பின்னால் புருஷனின் ஆர். பிரசவத்துக்கு வரும்போது அவர் கணினிக்குப் புது மனுஷி. பெண்களின் மருத்துவ வரலாறு சரியாக அவர்களுக்கு அது ரொம்பத் தேவைப்படும் நேரத்தில் அறுந்து போகிறது. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை.

பெயரால் முடியாததால் போன் நம்பரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருமுறை இங்கே ஒரு ஆஸ்பத்திரி கவுண்டரில் என் சித்திக்காக நின்றேன். நம்பர் சொன்னதும் திரையில் நாலு பேர்: சித்தி, சித்தப்பா, அவர்கள் மகன், மாடியில் குடியிருக்கும் ஒரு பாட்டி. பாட்டிக்கு போன் இல்லை, அதனால் சித்தி தன் நம்பரைக் கொடுத்திருந்தார். கவுண்டர் தம்பி அவசரத்தில் முதல் பெயரைத் தட்டினார், சித்தப்பாவின் பதிவு வந்தது. "தம்பி, இது எங்க வூட்டுக்காரரு" என்று சித்தி சொன்னதால் தப்பித்தது. சித்திக்குப் பென்சிலின் ஒத்துக்காது. சித்தப்பாவின் பதிவில் அது இருக்காது. பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருக்கும்போது அந்தத் தம்பியைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

அரசாங்கத்தின் பதில் படிப்படியாக வந்தது. 2013-ல் மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளை வெளியிட்டார்கள், 2016-ல் திருத்தினார்கள். 2015 ஜூலையில் டிஜிட்டல் இந்தியாவோடு ஆன்லைன் ஓ.பி. முன்பதிவு வந்தது. பிறகு 2020 ஆகஸ்ட் 15. தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தை அறிவித்து, ஆறு யூனியன் பிரதேசங்களில் வெள்ளோட்டம் விட்டார்கள். லடாக், சண்டிகர், அந்தமான், லட்சத்தீவு, தாத்ரா-டாமன், ஆறாவது நம்ம புதுச்சேரி. நாடு முழுக்க விரித்தது 2021 செப்டம்பர் 27-ல்தான். ஆக, இந்தியாவுக்கே ஒரு வருஷம் முன்னால் நாம் சோதனை எலிகள். மரியாதையாகச் சொன்னால் முன்னோடிகள்.

ஆளுக்கு 14 இலக்க எண். பிற்பாடு அதற்கு 'ஆபா' என்று பெயர் வைத்தார்கள். 2022 அக்டோபரில் 'ஸ்கேன் செய், பகிர்' முறை டெல்லியில் தொடங்கியது. கவுண்டர் சுவரில் இருக்கும் கியூஆர் கோடைப் போனில் காட்டினால் பெயர், வயசு, பாலினம், முகவரி நேராகப் போய்விடும், டோக்கன் வந்துவிடும். வரிசை குறையும் என்பது உண்மை. இன்னொன்றும் நடக்கிறது. ஆதார் வழியாக ஆபா எடுத்தால் பெயர் ஆதாரிலிருந்து வரும். 1881-ல் எத்தா சிவில் எழுத்தர் செய்த வேலையை இப்போது ஆதார் மையத்தில் தட்டச்சு செய்த பிள்ளை செய்துவிடுகிறது. குமார் சி-யா கே-யா என்பதை அங்கே முடிவு செய்துவிட்டார்கள்.

இதில் சேர்வது விருப்பம் சார்ந்தது, எண் இல்லை என்று வைத்தியம் மறுக்கக் கூடாது என்பதுதான் கொள்கை. ஆனால் 2021-ல் தடுப்பூசிக்கு ஆதார் கொடுத்தவர்கள் பலருக்கு, கேட்காமலேயே சுகாதார எண் உருவாகியிருந்ததாகச் செய்திகள் வந்தன. உங்கள் தடுப்பூசிச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எண் என்றாலே கொஞ்சம் யோசிக்கணும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இன்னொரு பிரெஞ்சுக் கதை. நம்ம ஊர் சொல்தா வீடுகளில் பாரிஸ் உறவினர் யாரையாவது கேளுங்கள், 1998-ல் வந்த கார்த் வித்தால் என்ற பச்சை மருத்துவ அட்டையைக் காட்டுவார்கள். அதிலுள்ள எண் முதலில் ஆணா பெண்ணா, பிறகு பிறந்த வருஷம், மாதம், பிறந்த இடம் என்று பேசும். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு இடத்தில் 99. இந்த எண்ணை 1941-ல், ஜெர்மனி பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில், ரெனே கார்மில் என்ற ராணுவ அதிகாரி உருவாக்கினார். ரகசியமாகப் படை திரட்ட உதவும் என்பது அவர் கணக்கு. அதே பஞ்ச் கார்டுகளால் யூதர்களைப் பிரித்தெடுக்கும் வேலையை அவர் இழுத்தடித்தார். 1944-ல் கைதாகி, 1945-ல் டாக்காவ் முகாமில் இறந்தார். ஆபா எண் உங்களைப் பற்றி எதுவும் சொல்லாத தற்செயல் எண். அந்த ஒரு விஷயத்தில் நம்முடையது மேல் என்பேன்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம், பலருக்குத் தெரியாதது. ஆபா எண் எடுத்ததும் பழைய வைத்திய வரலாறு தானாக ஓடி வந்து ஒட்டிக்கொள்ளாது. பதிவுகள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நீங்கள் சம்மதித்துத் தேடச் சொன்னால், ஆஸ்பத்திரியின் கணினி போன் நம்பர், பெயர், பாலினம், பிறந்த வருஷம் இவற்றை வைத்து ஆளைப் பொருத்திப் பார்க்கும். பெயர் அச்சு அசலாக ஒத்துப்போகாவிட்டால் ஒலியை வைத்து ஊகிக்கணும், அதாவது திரும்பவும் 1918. போன் நம்பர் மாறியிருந்து, குமாருக்கு 'சி'யும் மாறியிருந்தால் கிடைக்காது. அதற்காக இன்னொரு கட்டமும் வைத்திருக்கிறார்கள்: அந்த ஆஸ்பத்திரி முன்பு கொடுத்த நோயாளி எண்ணையும் சேர்த்துக் கொடுக்கலாம். அது மஞ்சள் பையில் இருக்கும் பழைய சீட்டின் மேல் மூலையில் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.