பெற்றோலை ஏற்க மறுத்த தாங்கி

2002ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏ-9 நெடுஞ்சாலை யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டபோது, கொழும்பிலிருந்து முதற்கிழமையே புறப்பட்டவர்களுள் நானும் ஒருவன். செய்தி சேகரிப்பதற்காகச் சென்றதாகத்தான் அலுவலகத்தில் பதிவு. கொக்குவிலில் அக்கா வீட்டுக்குச் செல்வதே உண்மையான நோக்கம்.

அங்கே கொட்டிலுக்குள் அத்தானின் ஒஸ்ரின் ஏ-40 கார் நின்றது. 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'சமர்செட்' வகை. யாழ்ப்பாணத்தின் வாடகைக் கார்கள் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது இந்த ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும்தான். அத்தானின் தாயார், நான் மாமி என்றழைப்பவர், எண்பதைக் கடந்தவர். வவுனியாவிலிருந்த இளைய மகனை அவர் கண்டு பன்னிரண்டு ஆண்டுகளாகியிருந்தன. பேருந்தில் ஏறியிறங்கும் நிலையில் அவர் இல்லை. "என்ரை காரிலைதான் அம்மாவைக் கொண்டுபோவன்" என்று அத்தான் பிடிவாதமாக நின்றார்.

ஏறக்குறைய 140 கிலோமீற்றர் தூரம். வழியில் எரிபொருள் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது. தாங்கியை நிரப்பிக்கொண்டே போகவேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பெற்றோல் ஷெட்டில் குழாயைக் கழுத்துக்குள் விட்டு அழுத்திய சில விநாடிகளில் 'களக்' என்ற ஒலியுடன் பெற்றோல் வெளியே பாய்ந்தது. ஊழியரின் கை நனைந்தது, அத்தானின் வேட்டி நனைந்தது, நிலமும் நனைந்தது. மீண்டும் முயன்றார்கள். மீண்டும் கக்கியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஒரு துளி பெற்றோலையும் எண்ணிச் செலவழித்த ஊரில், அது மண்ணில் ஊறுவதைப் பார்ப்பது எவருக்கும் பொறுக்காது.

அந்தத் தாங்கிக்கு ஒரு முன்கதை உண்டு. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உதிரிப்பாகங்கள் அரிதாயின. காரோடு வந்த தாங்கி துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும், உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவர் முப்பது லீற்றர் கொள்ளும் புதிய தாங்கி ஒன்றை அடித்துக் கொடுத்தார். நீண்டு வளைந்த கழுத்து. தாங்கியின் உச்சியிலிருந்து புறப்பட்டு மூடிக்குச் சற்றுக் கீழே கழுத்தோடு சேரும் விரற்கடை மொத்தமான காற்றுக் குழாய். அந்தச் சிறு குழாயின் அருமை தெரிந்த தொழிலாளி அவர்.

பின்னர் 1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், மின்கலம், சவர்க்காரம் என நீண்டதொரு பட்டியலுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெயில் கார் ஓடத் தொடங்கிய காலம் அது. புலம்பெயர்ந்த நாடுகளில் இதைச் சொன்னால் இளையவர்கள் நம்புவதில்லை. ஆனால் இதில் மாயம் ஒன்றுமில்லை. பழைய ஒஸ்ரினின் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே தரங்குறைந்த எரிபொருளையும் அந்த இயந்திரம் ஓரளவு சகித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதே தடை. சிறு பிளாஸ்டிக் போத்தலால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1949இல் வந்த ஃபெர்குசன் உழவு இயந்திர வகையொன்றும் இப்படித்தான், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயில் ஓடியது. பிரித்தானியப் பொறியியலாளர் தொழிற்சாலையில் செய்ததை எங்கள் மெக்கானிக்குகள் வேப்பமரத்தடியில் செய்தார்கள். விலையும் கொடுக்க நேர்ந்தது: எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும், வெண்புகை தெருவை மூடும்.

நாளுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குப் பின்னாலிருக்கும் பெரிய தாங்கி எதற்கு? அத்தான் முன்பக்கத்தில் உயரமாக ஒரு தகர கானைக் கட்டி, அதிலிருந்து ஒரு றப்பர் குழாயால் எரிபொருளை இறக்கினார். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது மாமி சாவகச்சேரிக்குப் போனதும் அந்தக் கானின் தயவில்தான். 1996இல் திரும்பிவந்தபின் கப்பல்வழி எரிபொருள் வந்தாலும், ஒன்றிரண்டு லீற்றருக்கு மேல் அத்தான் ஒருபோதும் வாங்கியதில்லை. அதுவும் கானுக்குள்ளேயே போயிற்று.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பேச்சுக் குறைவு. பின் தாங்கியைக் கழுவி, புனலால் மெல்ல மெல்ல ஒரு லீற்றர் ஊற்றினார். தடையின்றி இறங்கியது. வேகமாக ஊற்றினார். கக்கியது. "ஐயா, இது பெற்றோலைத் துப்பேல்லை, காத்தைத் துப்புது" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெறுந்தாங்கி உண்மையில் வெறுமையானதன்று. முப்பது லீற்றர் காற்று அதற்குள் இருக்கிறது. பெற்றோல் புகவேண்டுமானால் அவ்வளவு காற்றும் வெளியேறவேண்டும். வேறு வழியில்லையெனில், இறங்கும் பெற்றோலும் ஏறும் காற்றும் ஒரே கழுத்துக்குள் மல்லுக்கட்டும். தானாக நிற்கும் வகைக் குழாய்களிலும் இதே கதைதான்: அவற்றின் நுனியிலுள்ள சிறு துளையை எரிபொருள் மூடியதும் பாய்ச்சல் நின்றுவிடும். தாங்கி நிரம்பிவிட்டதா, கழுத்தில் தேங்கியிருக்கிறதா என்ற வேறுபாடு அத்துளைக்குத் தெரியாது.

மூடியில் குறையிருக்குமோ என்று நான் கேட்டேன். மெக்கானிக் சிரித்தார். நிரப்பும்போது மூடி கையிலல்லவா இருக்கிறது! மூடியின் துளை அடைபட்டால் வேறு நோய் வரும்: சில மைல் ஓடியபின் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி இயந்திரம் நின்றுபோகும், மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உட்புகும். நிரப்பும்போது மட்டும் வரும் கோளாறென்றால் தேடவேண்டியது காற்றுக் குழாயை. பெரும்பாலும் குளவி கட்டிய மண்கூடு அல்லது துரு இருக்கும் என்றபடி காருக்கடியில் நுழைந்தார்.

குழாயே அங்கு இல்லை. தாங்கியின் உச்சியிலும் கழுத்திலும் இரண்டு குறுந்தண்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் துணி சுற்றிய வேப்பங்குச்சி ஆப்பு ஒன்று இறுகியிருந்தது. மெக்கானிக் அவற்றைப் பிடுங்கி அத்தானின் உள்ளங்கையில் வைத்தார். அத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான்" என்றார் பிறகு. கானிலிருந்து காபரேற்றருக்கு இறங்கிய றப்பர் குழாய், 1990இல் எங்கும் வாங்கக் கிடைக்காமல், ஓரிரவு இங்கிருந்து அவரே அறுத்தெடுத்தது. தூசி புகாதிருக்க ஆப்பும் அவரே அடித்தார். பிறகு வந்த ஆண்டுகளில் மறக்கவேண்டியவை வேறு பல இருந்தன.

ஒரு முழம் புதிய குழாயும் இரண்டு கவ்விகளும் வாங்கினோம். கழுத்தில் சிறு வெடிப்பொன்றும் இருந்தது. ஆனால் அதற்கு ஈயம் பற்றவைக்க மெக்கானிக் அன்று சம்மதிக்கவில்லை. பெற்றோல் நிறைந்த தாங்கியைவிட, ஆவி மட்டும் மிஞ்சிய வெறுந்தாங்கியே அதிகம் வெடிக்கக்கூடியது என்பது அவருக்குத் தெரியும். மீண்டும் கொதிநீரால் பலமுறை அலசி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி வைத்த பின்னர், மறுநாளே நெருப்பைக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு அதை வடித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தே காரில் பூட்டினார்.

ஷெட்டில் அன்று முப்பது லீற்றரும் ஒரே மூச்சில் இறங்கின. அத்தான் காதைக் கழுத்தருகே வைத்து, காற்று வெளியேறும் ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

முகமாலையில் சோதனைக்கு நெடுநேரம் நின்றோம். இரு தரப்பினரும் காரின் கீழே கண்ணாடி பிடித்துப் பார்த்தார்கள். மாமி பின்னிருக்கையில் பனங்கட்டிப் பொதியை மடியில் வைத்தபடி ஒரு சொல்லும் பேசவில்லை. வவுனியாவை அடைந்தபோது மாலையாகிவிட்டது. மகன் படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தான். அத்தான் மட்டும் காரின் பின்புறம் சென்று, மூடியைக் கழற்றி, குச்சியொன்றை விட்டு அளந்து பார்த்தார். பாதித் தாங்கி மீதியிருந்தது.