பழமை சான்றாகுமா? கழுத்தெலும்பு மருத்துவம் ஒரு வரலாற்று நோக்கு

நம்முடன் பணியாற்றும் மூத்த ஆசிரியர் ஒருவருக்கு நெடுநாளாகக் கழுத்துவலி. முப்பதாண்டுக் காலம் கிதாபுகளின் மீது குனிந்திருந்ததற்குக் கிடைத்த கூலி அது என்று அவரே சொல்லிக்கொள்வார். வெளிநாட்டில் வாழும் அவருடைய மருமகன், அங்குள்ள கைரோபிராக்டிக் நிலையம் ஒன்றின் விளம்பர மடலை அனுப்பிவைத்திருந்தார். நோயாளியின் தலையை இரு கைகளாலும் பற்றி, ஒரு நொடிக்குள் திருப்பி, சடக்கென்ற ஒலியுடன் கழுத்தெலும்பைச் சீர்செய்யும் அம்முறை புக்ராத்தும் ஜாலீனூஸும் இப்னு ஸீனாவும் கையாண்ட பழம்பெரும் மருத்துவம் என்று அம்மடல் கூறிற்று. "கானூனில் இப்படி இருக்கிறதா? இருந்தால் போய்ப் பார்த்துவிடுகிறேன்" என்றார் அவர்.

ஒரு மனிதர் தம் கழுத்தைப் பிறர் கையில் ஒப்படைப்பதை நம் நூலறிவை நம்பி முடிவுசெய்ய முற்படும்போது, அவ்வினாவை எளிதில் கடந்துவிட இயலாது. நாம் தேடிக் கண்டவற்றை இங்கு முறைப்படுத்தித் தருகிறோம்.

முதலில் கிரேக்கர். புக்ராத் என அரபு நூல்கள் குறிப்பிடும் ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் மூட்டுகளைப் பற்றிய நூல் ஒன்று உண்டு. முதுகெலும்பு இடம்பெயர்ந்து கூன் விழுந்தவரைப் பலகையில் குப்புறக் கிடத்தி, தலைப்புறமும் கால்புறமும் இழுத்துப் பிடித்து, கூன் விழுந்த இடத்தில் கையாலோ காலாலோ அழுத்தும் முறை அதில் விளக்கப்பட்டுள்ளது. அதே நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நோயாளியை ஏணியில் கட்டி, உயரத்திலிருந்து விழச்செய்து குலுக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அதனால் எவரும் நிமிர்ந்ததாகத் தாம் அறியவில்லை என்றும், கூட்டத்தை வாய்பிளக்கச் செய்ய விரும்புவோரே அதனைப் பெரிதும் கையாளுகின்றனர் என்றும் அந்நூலாசிரியர் கடிந்துரைக்கின்றார். ஆக, இம்மருத்துவத்தின் மிகப் பழைய ஏட்டிலேயே அதன் பயனைப் பற்றிய விவாதமும் தொடங்கிவிட்டது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாலீனூஸின் பெயரைக் கைரோபிராக்டிக் எழுத்துகள் பெரிதும் எடுத்தாள்கின்றன. பவுசானியாஸ் என்னும் கல்வியாளர் தேரிலிருந்து விழுந்தபின், அவருடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலின் பாதியும் உணர்விழந்தன. பிற மருத்துவர்கள் விரலுக்கு மருந்திட்டுக்கொண்டிருக்க, குற்றம் விரலில் இல்லை, நரம்பு புறப்படும் முதுகெலும்பின் மேற்பகுதியில் உள்ளது என்று ஜாலீனூஸ் கண்டறிந்தார். இது உடற்கூற்றறிவின் வியத்தகு வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் அவ்விடத்தில் செய்தது என்ன? மருந்திட்டதுதான். கழுத்தைத் திருகிச் சடக்கொலி எழுப்பியதாக அவர் எழுதவில்லை.

அரபுலகிற்கு வருவோம். எலும்பை ஒன்றுசேர்ப்பதற்கு அரபியில் 'ஜப்ர்' என்றும், அதனைச் செய்பவருக்கு 'முஜப்பிர்' என்றும் பெயர். அல்ஜீப்ரா என்னும் கணிதத்தின் பெயரும் இச்சொல்லிலிருந்தே பிறந்தது. ஸ்பானிய மொழியில் எலும்பு கட்டுபவரை 'அல்ஹெப்ரிஸ்தா' என்று அழைத்த வழக்கு, அக்கலை அந்தலுஸ் நிலத்தில் எத்துணை வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

அந்தலுஸின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (இறப்பு கி.பி. 1013), முப்பது பகுதிகளாக இயற்றிய 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்திற்கு உரியது. எலும்பு கட்டுதல் பற்றிய பிரிவின் தொடக்கத்திலேயே, முன்னோரின் நூல் ஒன்றைக்கூடப் புரட்டிப் பாராத பாமரரும் அறியாமையுடைய மருத்துவரும் இக்கலைக்கு உரிமை கொண்டாடுவதை எண்ணி அவர் வருந்துகிறார். முதுகெலும்பு நழுவியவரைப் பலகையில் கிடத்தி இழுத்துச் சீர்செய்யும் முறையை விரித்துரைக்கும் அவர், முதுகிலோ கழுத்திலோ எலும்பு முற்றிலும் இடம்பெயர்ந்துவிட்டால் அதற்கு மருத்துவம் இல்லை, மரணம் விரைந்து வரும் என்று எச்சரித்துவிடுகிறார். எங்கே கைவைக்கலாம் என்பதைப் போலவே, எங்கே கைவைக்கலாகாது என்பதும் அவருக்கு மருத்துவ அறிவாகவே இருந்தது.

இப்னு ஸீனாவும் (கி.பி. 980–1037) கானூனின் நான்காம் நூலில் முறிவுகளையும் மூட்டு நழுவுதலையும் ஆராய்கின்றார். அங்கும் பேச்சு, அடிபட்டு இடம்பெயர்ந்த எலும்பைப் பற்றியதே. குனிந்து படித்ததால் வந்த வலிக்குக் கழுத்தைச் சட்டெனத் திருப்பும் முறையை நாம் பார்த்த பக்கங்களில் காணவில்லை.

இன்றைய முறையின் உண்மையான பிறப்பிடம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரம். கனடாவில் பிறந்து, காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பால்மர், 1895 செப்டம்பரில் தம் அலுவலகக் கட்டடத்தின் பணியாளரான ஹார்வி லில்லர்டைச் சந்தித்தார். குனிந்து வேலை செய்கையில் முதுகில் ஏதோ நழுவியது போல் உணர்ந்த அன்றிலிருந்து 17 ஆண்டுகளாக லில்லர்டுக்குச் செவிப்புலன் குன்றியிருந்தது. புடைத்திருந்த முள்ளெலும்பைத் தாம் தள்ளியதும் செவி திறந்தது என்று பால்மர் எழுதினார். செவிநரம்போ முதுகெலும்பின் வழியே செல்வதில்லை. அது உட்செவியிலிருந்து நேரே மூளையை அடைகிறது. ஆயினும் அந்த ஒரு நிகழ்ச்சியின் மீது ஒரு கோட்பாடு எழுப்பப்பட்டது. நோய்களில் 95 விழுக்காடு முள்ளெலும்பு இடம்பெயர்வதால் வருவன என்று பால்மர் 1910இல் வெளியிட்ட நூல் கூறிற்று. அவருடைய மகன் பி.ஜே. பால்மரோ 1930களில், கழுத்தின் உச்சியிலுள்ள எலும்புகளைச் சீர்செய்தாலே போதும் என்று கற்பித்தார். கழுத்து இம்மருத்துவத்தின் நடுவிடத்திற்கு வந்த கதை இதுதான்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவத்திற்கு எதிரான குழு ஒன்றை அமைத்து இவர்களை ஒதுக்க முனைந்தது. 1976இல் செஸ்டர் வில்க் என்பாரும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். ஒரு தொழிலை ஒடுக்கச் சங்கம் சட்டவிரோதமாகக் கூடிச் செயற்பட்டது என 1987இல் நீதிபதி சூசன் கெட்சென்டானர் தீர்ப்பளித்தார். 1990இல் மேல்முறையீட்டிலும் அது நிலைபெற்றது. ஆனால் அது வணிகப் போட்டி பற்றிய தீர்ப்பாகும். இம்மருத்துவம் பயனுடையதா என்பதைத் தீர்மானிக்க அந்நீதிபதி முன்வரவில்லை. ஒன்று அனுமதிக்கப்பட்டது என்பதும் அது நலம்தரும் என்பதும் இருவேறு செய்திகள். ஃபிக்ஹு படிப்போருக்கு இவ்வேறுபாடு புதியதன்று.

அவ்வாறெனில் பயன்தான் என்ன? 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அண்மையில் கழுத்துவலி கண்ட 272 பேரை மூன்று பிரிவாக்கியது. எலும்பு நிமிர்த்தல் மருந்தைவிட நல்ல பலன் அளித்தது. ஆனால் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை மட்டும் கற்பிக்கப்பட்டு வீட்டிலேயே செய்த எளிய உடற்பயிற்சியும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. 51 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, சட்டெனத் திருப்பும் முறையும் மெதுவாக அசைக்கும் முறையும் பெரும்பாலும் ஒத்த பலனையே தருகின்றன என்றும், சான்றுகளின் தரம் உயர்ந்ததன்று என்றும் கண்டது. பயன் இல்லை என்பதற்கில்லை. அது சிறிது, அதனை வேறு வழியிலும் பெறலாம் என்பதே இதன் சாரம்.

எதிர்த்தட்டில் இருப்பது ஆபத்து. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகளில் இரண்டு, கழுத்தெலும்புகளின் துளைகளினூடே ஏறி, உச்சி எலும்பைச் சுற்றி வளைந்து தலையோட்டினுள் நுழைகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் நேரலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், இத்தமனிகளின் வழியாகப் பக்கவாதம் கண்ட 45 வயதுக்குட்பட்டோர், அதற்கு முந்தைய வாரத்தில் கைரோபிராக்டிக் மருத்துவரிடம் சென்றிருந்த வாய்ப்பு மற்றவர்களினும் ஐந்து மடங்கு எனத் தெரிந்தது. அதே மாகாணத்தில் 818 நோயாளிகளை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டின் ஆய்வோ, குடும்ப மருத்துவரிடம் சென்றோரிடத்தும் இத்தகைய தொடர்பைக் கண்டது. தமனி முன்னரே கிழிந்து, அந்த வலிக்காகவே அவர்கள் மருத்துவரை நாடியிருக்கலாம் என்பது அதன் விளக்கம். அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் இரண்டையும் எடைபோட்டு, காரணம் என்று மெய்ப்பிக்கப்படவில்லை; எனினும் தொடர்பு இருப்பதை நோயாளிக்கு முன்னரே தெரிவிக்க வேண்டும் என்றது. ஆபத்து அரிது, ஆனால் நேர்ந்தால் பெரிது. நம் ஊர் முடிதிருத்தும் கடைகளில் தலைபிடித்துவிட்டுக் கழுத்துக்குச் சொடக்கு எடுப்போரும் எடுத்துக்கொள்வோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி நம் முன்னோரிடம் மீள்வோம். அர்ராஸீ தம் 'அல்ஹாவீ'யில் ஓர் அனுபவத்தைப் பதிந்துள்ளார். ஸிர்ஸாம் என்னும் மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டோரில் ஒரு பிரிவினருக்குக் குருதி வடித்தார். தம் கருத்திலுள்ள ஐயம் நீங்குவதற்காகவே மற்றொரு பிரிவினரை வடிக்காமல் விட்டு ஒப்பிட்டார். குருதி வடித்தல் இன்று கைவிடப்பட்டுவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த நெறியோ, மேலே கண்ட ஆய்வுகளில் வாழ்கிறது. இப்னு ஸீனாவும் மருந்தைச் சோதிப்பதற்கான விதிகளைக் கானூனின் இரண்டாம் நூலில் வகுத்துள்ளார். அவர்களை அறியாதோர் விளம்பர மடலுக்கு அவர்களின் பெயரை எடுத்துக்கொள்வது ஒருபுறம். எல்லாம் நம்மவர் கண்டதே என்ற பெருமிதத்தில் நாமும் அதனை வழிமொழிவது மற்றொரு புறம். இரண்டும் அப்பெரியோரைச் சிறுமைப்படுத்துவனவே.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே ஈடுசெய்யப் பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் வேறு ஹதீஸ் நூல்களிலும் பதிவாகியுள்ளது. உடலைத் தொடும் கைக்கு அறிவும் பொறுப்பும் வேண்டும் என்பது அதன் உட்பொருள். நோயாளியின் இசைவும் வேண்டும் என்பர் சட்ட அறிஞர்கள். தனக்கு நேரக்கூடியது இன்னதென அறியாதவர் தரும் இசைவு எவ்வாறு முழுமையான இசைவாகும்?

நம் நண்பரிடம் கண்டதைச் சொன்னோம். கானூனில் இல்லை, இருந்திருந்தாலும் அது மட்டும் போதாது என்றோம். முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டும்படியும், கழுத்துப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளும்படியும் வேண்டினோம். அவர் சற்று ஏமாற்றமடைந்தவராய்த் தெரிந்தார். எனினும் மறுவாரம் கிதாபை மடியிலிருந்து எடுத்து, ரைஹாலை இரண்டு பலகைகளின் மேல் உயர்த்தி வைத்து, நிமிர்ந்து அமர்ந்து பாடம் நடத்தியதைக் கண்டோம்.