கோபுரமும் பேரேடும்

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு வந்தாலே நம்மில் பலர் திருக்கோஷ்டியூர் கோபுரத்தைக் காட்டிவிடுகிறோம். 18 தடவை நடையாய் நடந்து நம்பியிடம் பெற்ற மந்திரத்தை ராமாநுஜர் கோபுரத்தின் மேலேறி ஊருக்கே சொன்னார் என்கிறது வைணவ மரபு. கதையோடு எனக்குத் தகராறு இல்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, 'எல்லாம் எல்லாருக்கும்தானே, இதுல காசு என்ன காசு' என்று பாடினவனிடம் கேட்பவர்களோடுதான் தகராறு. ஒலி காற்றில் போன பிறகு எத்தனை தடவை போச்சு, யார் போட்டார்கள், யார் கைக்குப் பணம் வந்தது என்று ஒரு கணக்கு இருக்கிறது. ராயல்டியின் வரலாறு அந்தக் கணக்கின் வரலாறுதான்.

இதற்கான முக்கியமான வழக்கு இந்தச் சீமையைத் தொட்டே நடந்தது. பாரதி இறந்தது 1921-ல். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது 1938-ல். அவர் எழுதியபோது கற்பனையிலும் இல்லாத ஒரு சொத்து, அதாவது பாட்டைக் காற்றில் அனுப்பும் உரிமை, அவர் போன பிறகு தனியாக விலைபோனது. இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமைகள் ஒரு நகை வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து காரைக்குடி ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தன. இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர் அவர். காரைக்குடி ஸ்டூடியோவில் எடுத்த 'நாம் இருவர்' (1947) படத்தில் பாரதி பாடல்கள் டி.கே. பட்டம்மாள் குரலில் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' (1948) படத்தில் பாரதி பாட்டை வைத்தபோது உரிமைப் பிரச்சினை வெடித்தது. எழுத்தாளர்கள் கிளர்ந்தார்கள். மெய்யப்பன் பணம் வாங்காமலே உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ல் அரசு பாரதியை நாட்டுடைமையாக்கியது.

இதைக் கொண்டாடலாம், கொண்டாட வேண்டும். ஆனால் இறந்த கவிக்குப் பொருந்தும் தீர்வு உயிரோடிருக்கும் பாடலாசிரியனுக்குப் பொருந்தாது. அவனுக்கு வேண்டியது விடுதலை அல்ல, கூலி. 1969-ல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் பதிவானது. 1977-ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் காசு வாங்கி எழுதியதும் மெட்டமைத்ததும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே என்றது. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லாததை வருத்தத்தோடு குறித்தார். இலங்கை வானொலியும் விவித் பாரதியும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பேர் சொல்லிப் பாட்டுப் போட்டன. பேர் காற்றில் வந்தது, பணம் வேறு பக்கம் போனது. 2012 திருத்தத்துக்குப் பிறகுதான், படப்பாட்டு திரையரங்குக்கு வெளியே ஒலிக்கும்போது கிடைக்கும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு என்றும், அதை எழுதிக்கொடுத்துவிட முடியாது என்றும் ஆனது.

சட்டம் வந்தால் போதுமா? போதாது. நிலையம் எந்தப் பாட்டை எப்போது போட்டது என்று ஏட்டில் எழுத வேண்டும். அந்த ஏட்டைச் சங்கம் தன் பதிவோடு ஒப்பிட வேண்டும். ஒரே பல்லவியில் பல பாட்டு இருக்கும். எழுதியவர் பேர் விடுபட்டால் தொகை உரியவரிடம் போய்ச்சேராது. இன்றைக்கு ஒலியைக் கேட்டே பாட்டைக் கண்டுபிடிக்கும் கணினி வந்துவிட்டது. ஆனாலும் பதிவில் இல்லாத பேரை அது எங்கிருந்து கண்டுபிடிக்கும்? நகரத்தார் பேரேட்டில் பற்றும் வரவும் சரிபார்த்து ஐந்தொகை போட்ட சீமையில் இதை விளக்கத் தேவையில்லை: பேரேட்டில் பத்தி இல்லாத ஆளுக்கு வரவும் இல்லை.

அந்தப் பத்தி இல்லாதவர்கள் யார்? நடவுப் பாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் பாடியவர்கள். அவர்களுடைய மெட்டு சினிமாவுக்குள் நுழையும்போது படிவத்தில் இசையமைப்பாளர் பேர் ஏறுகிறது, கிழவி 'மரபு' ஆகிவிடுகிறாள். மரபுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. 'பொதுச்சொத்து' என்ற சொல் அவளிடமிருந்து எடுக்கும்போது மட்டும் சௌகரியமாக ஞாபகம் வருகிறது.

கோயில் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் போடும் பாட்டுக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது, சரிதான். மாசித் தெப்பத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவனிடம் யாரும் வசூலிக்க வேண்டாம். பாட்டுக்கு நடுவில் விளம்பரம் விற்கிற நிலையம் வேறு. சட்டப்பூர்வ உரிமத்தில் ஒலிபரப்புகிறவர்கள் எழுதியவர், பாடியவர் பேரைச் சொல்லியாக வேண்டும் என்று 31ஈ பிரிவு சொல்கிறது. எத்தனை பண்பலைகளில் அது கேட்கிறது? நாம் கேட்க வேண்டியது மூன்று: பேரைச் சொல்லு, ஒலிபரப்பு ஏட்டை வெளியே வை, கிராமத்துப் பாட்டுக்கும் அதில் ஒரு பத்தி போடு. மூன்றாவதுக்குச் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை. எழுத வைப்பது நம் வேலை.